துக்க காலத்தின் பதினேழாம் நாள்

"காலம் கெட்டுக் கிடக்கிறது, இதற்குள் பிள்ளைகளை எவ்வாறு விசுவாசத்தில் வளர்ப்பது?" என்று பெற்றோர் பலர் நம்மிடம் வினவுகின்றனர். வினா நியாயமானதே. கையூட்டின்றிக் காரியம் நடவாத இடங்களையும், பொய்யைக் கூசாமல் உரைக்கும் நாவுகளையும் நாள்தோறும் காண்கிறோம். நல்லோர் அருகிவிட்டனர் என்ற இதே முறையீட்டோடுதான் பன்னிரண்டாம் சங்கீதமும் தொடங்குகிறது. ஆண்டவர் தம்மவரை என்றென்றும் காப்பார் என்று அது நம்புகிறது. ஆயினும் தீயோர் நாற்புறமும் திரிவதை இறுதிவரை மறைக்கவில்லை. அப்படியானால் அக்காவல் எத்தகையது?

1542-இல் நமது முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் 1549-இல் ஜப்பானில் கரையிறங்கினார். அவர் நட்ட பயிர் செழித்தது. ஆனால் 1614-இல் நாடு முழுவதும் வேதம் தடைசெய்யப்பட்டது. 1644-இல் எஞ்சியிருந்த கடைசிக் குருவும் கொல்லப்பட்டார். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, கோவில் மணியும் இல்லை.

நாகசாகிக்கு அருகிலுள்ள உராக்காமி சிற்றூர் மக்கள் என்ன செய்தனர்? ஒருவர் திருநாட்களைக் கணக்கிட்டு அறிவித்தார். மற்றொருவர் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். தாய்மார் செபங்களைத் தாழ்ந்த குரலில் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். ஆண்டுதோறும் அதிகாரிகள் கிறிஸ்து அல்லது தேவமாதாவின் உருவம் பொறித்த தகட்டைத் தரையிலிட்டு மிதிக்கச் சொல்வர். மறுத்தவர் வேதசாட்சிகளாயினர். மிதித்தவரும் பலர். மிதித்த கால்களோடு வீடு திரும்பி, கதவை அடைத்து, உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லி அழுதனர். அவர்களைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. எவ்வித வேதகலாபனையும் இல்லாமலே, ஒரு கையெழுத்துக்காகவும் ஒரு பதவி உயர்வுக்காகவும் மனச்சாட்சியை மிதிக்கும் நாம், எத்தனை இரவு அவ்வாறு அழுதிருக்கிறோம்?

1865 மார்ச் 17 அன்று, அயல்நாட்டாருக்கெனக் கட்டப்பட்ட ஓவுரா கோவிலின் வாசலில் பன்னிரண்டு, பதினைந்து பேர் வந்து நின்றனர். பெத்திஜான் சுவாமியார் கதவைத் திறந்தார். (நம் புதுவைப் பகுதியில் உழைத்த அதே பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவர் அவர்.) அவர் முழங்காலிட்டுச் செபிக்கையில் ஒரு பெண்மணி நெருங்கி, தங்கள் இதயமும் அவருடைய இதயமும் ஒன்றே என்று மெல்லச் சொன்னாள். அடுத்து, மரியன்னையின் சுரூபம் எங்கே என்று கேட்டாள். தாங்கள் துக்க காலத்தை அனுசரிப்பதாகவும், தந்தையும் அவ்வாறு செய்கிறாரா என்றும் அவர்கள் வினவினர். ஆம், இன்று பதினேழாம் நாள் என்றார் அவர். அவ்வாண்டு விபூதிப் புதன் மார்ச் முதல் தேதி. குருவின்றி, அச்சிட்ட பஞ்சாங்கமின்றி, ஏழு தலைமுறைகளாக அவர்கள் தவக்காலத்தைத் தவறவிடவில்லை!

துன்பம் அத்துடன் தீரவில்லை. 1868 முதல் அவ்வூரார் சுமார் 3,400 பேர் நாடுகடத்தப்பட்டனர். 600 பேருக்கு மேல் மாண்டனர். 1873-இல் தடை நீங்கியபின் திரும்பியவர்கள், தங்கள் முன்னோர் தகட்டை மிதித்த அதே நிலத்தை விலைக்கு வாங்கிக் கோவில் எழுப்பினர். 1945 ஆகஸ்டு 9 அன்று அணுகுண்டு அக்கோவிலுக்கு அருகே வெடித்தது. பங்கின் ஏறத்தாழ 12,000 கத்தோலிக்கருள் 8,500 பேர் மடிந்தனர்.

இதுதானா பாதுகாப்பு என்று வாசகர் கேட்கலாம். நாமும் கேட்டதுண்டு. உடலுக்குத் தீங்கு வராது என்று ஆண்டவர் எங்கும் வாக்களிக்கவில்லை. கல்வாரியில் தம் மகனுக்கே அதை அவர் விலக்கவில்லை. அவர் காப்பது வேறொன்று. எஞ்சியோர் இடிபாடுகளைத் தோண்டியபோது, கோவில் மணிகள் இரண்டில் ஒன்று உடையாமல் கிடைத்தது. மரக்கம்பங்களில் அதைத் தூக்கிக் கட்டி, அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் அடித்தனர்.