திறந்த கதவும் வெளிவாடாவும்

ஐதராபாத்துக்குப் போகிறவர்கள் தவறாமல் ஏறிப் பார்க்கும் இடம், நௌபத் பகாட் குன்றின் மேலுள்ள பிர்லா மந்திர். 1976இல் திறக்கப்பட்ட வெண்பளிங்குக் கோயில். கீழே ஓயாத வாகன இரைச்சல், மேலே அமைதி. வாசலில் யாரும் சாதி கேட்பதில்லை. "இங்கே எங்கே இருக்கிறது சாதி?" என்று நம் நண்பர்கள் கேட்பதும் இத்தகைய இடங்களை வைத்துத்தான்.

பிர்லா கோயில்களுக்கு இதில் ஒரு வரலாறு உண்டு. எல்லாச் சாதியினரையும் அனுமதிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் 1939இல் டெல்லி பிர்லா மந்திரைக் காந்தி திறந்துவைத்தார். ஆனால் அம்பேத்கர் அதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கடந்துவிட்டார். 1930இல் நாசிக் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தை நடத்திய அவரே, 1933இல் ஆலய நுழைவு மசோதாவை ஆதரிக்க மறுத்தார். கதவைத் திறப்பதோடு நிற்பீர்களா, சாதியையும் வருணத்தையும் கைவிடுவீர்களா என்பதே அவருடைய கேள்வி.

அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை என்பதை இதே நகரம் காட்டியது. 2016 ஜனவரியில், ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் வளாகத்தின் திறந்தவெளியில் தங்கிப் போராடினார்கள். அந்த இடத்துக்கு 'வெளிவாடா' என்று பெயரிட்டார்கள். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சேரியைக் குறிக்கும் தெலுங்குச் சொல் அது. அவர்களில் ஒருவரான ரோகித் வெமுலா ஜனவரி 17 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்த ஐவரில் எவரையும் பளிங்குக் கோயிலின் வாசலில் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

கோயிலுக்குப் போகிறவர்களைக் குறை சொல்வதல்ல நம் வேலை. கதவு மூடிக் கிடக்கும் ஊர்களில் நுழைவுப் போராட்டம் இன்றும் தேவை. அது பக்தியைப் பற்றியதல்ல, குடியுரிமையைப் பற்றியது. ஆனால் ஒரு மணி நேரம் ஒரே வரிசையில் நிற்பதைச் சமத்துவம் என்று எண்ணி ஏமாற வேண்டாம். வரிசை கலைந்ததும் வாடகை வீடு தேடும்போதும், திருமணம் பேசும்போதும், சாக்கடைக் குழிக்குள் இறங்க ஆள் தேடும்போதும் சாதி திரும்பிவிடுகிறது.

அந்தக் குன்றிலிருந்து பார்த்தால் உசேன் சாகர் ஏரியின் நடுவே புத்தர் நிற்கிறார். கரையில், 2023இல் திறக்கப்பட்ட 125 அடி அம்பேத்கர். இருவரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே இறங்கியதும், உங்கள் விடுதியில், வகுப்பில், வீட்டில் யார் இன்னும் வெளிவாடாவில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.