அளவீடுகள் பெருகின, யமுனை தெளியவில்லை

வஜீராபாத்திலிருந்து ஓக்லா வரை, தில்லி மாநகருக்குள் யமுனை ஓடும் தூரம் வெறும் 22 கிலோமீட்டர். 1,376 கிலோமீட்டர் நீளமுள்ள ஆற்றில் இது இரண்டு சதவீதம்கூட இல்லை. ஆயினும் ஆற்றில் சேரும் மாசின் பெரும்பகுதி இச்சிறு தூரத்திலேயே கலக்கிறது. ஆட்சியாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அவர்களுடைய அளவீடுகளே பல்லாண்டுகளாக இதைச் சொல்லிவருகின்றன.

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் வழியே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உருவானது. தில்லியின் மாசுக் கட்டுப்பாட்டுக் குழு மாதந்தோறும் பல இடங்களில் ஆற்றுநீரை எடுத்துச் சோதிக்கிறது. குளிப்பதற்கு ஏற்ற நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆறு தில்லிக்குள் நுழையும் பல்லாவில் நீர் ஓரளவு உயிரோடு இருக்கிறது. நஜஃப்கர் கால்வாய் கலந்த பிறகோ, கோடை மாதங்களில் ஆக்சிஜன் ‘இல்லை’ என்றே அறிக்கைகள் பதிவு செய்கின்றன.

நிலத்தடி நீரின் கதையும் இதுவே. மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை கிணறுகளின் நீர்மட்டத்தை அளக்கிறது. ஆண்டுதோறும் ஊறும் நீரில் ஏறத்தாழ முழுவதையும் தில்லி உறிஞ்சிவிடுகிறது என்பது அதன் மதிப்பீடு. ஆனால் தண்ணீர் லாரி வணிகம் தடையின்றித் தொடர்கிறது. 2024 ஜூன் மாதக் கடும் வறட்சியின்போது, லாரி மாஃபியா மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று உச்ச நீதிமன்றமே தில்லி அரசைக் கேட்க நேர்ந்தது. குடிசைப் பகுதிப் பெண்கள் அப்போது குடங்களுடன் லாரிகளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தனர்.

திட்டங்களுக்கும் குழுக்களுக்கும் குறைவில்லை. 1993இல் ஜப்பானியக் கடனுடன் யமுனை செயல்திட்டம் தொடங்கியது. 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் விரிவான தீர்ப்பளித்தது. 2018இல் கண்காணிப்புக் குழு அமைத்தது. 2023இல் துணைநிலை ஆளுநர் தலைமையில் உயர்மட்டக் குழு வந்தது. அவர் தலைமை வகிக்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆற்றைக் கண்காணிக்க ஒரு குழு, குழுவைப் பற்றி ஒரு வழக்கு. சாக்கடை மட்டும் நிற்கவில்லை.

உறுதியான நடவடிக்கை எடுக்கப்பட்டதே இல்லையா? எடுக்கப்பட்டது, ஏழைகள் மீது. 2004இல் யமுனை புஷ்தாவின் குடிசைகள் இடிக்கப்பட்டு, உழைப்பாளிக் குடும்பங்கள் நகரின் விளிம்புக்குத் துரத்தப்பட்டன. ஆற்றை அவர்கள் மாசுபடுத்துகிறார்கள் என்பது அப்போது உரக்கச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அவர்கள் போன பின்னும் ஆறு தெளியவில்லை. அதே ஆற்றுப்படுகையில் காமன்வெல்த் விளையாட்டுக் கிராமத்தின் அடுக்குமாடிகள் எழுந்தன.

ஆகவே அளவீடே வேண்டாம் என்பதா? அல்ல. யார் கையில் அது இருக்கிறது என்பதே கேள்வி. 2005இல் உலக வங்கியின் ஆலோசனைப்படி தில்லியின் குடிநீர் விநியோக நிர்வாகத்தைத் தனியாரிடம் ஒப்படைக்கும் திட்டம் தயாரானது. தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் பெற்ற கோப்புகள், ஆலோசனை நிறுவனத்தைத் தேர்வு செய்வதில் வங்கி தலையிட்டதை வெளிப்படுத்தின. எதிர்ப்பு வலுத்தது, அரசு பின்வாங்கியது. அலமாரியில் உறங்கிய காகிதம் மக்கள் கைக்கு வந்தபோது ஆயுதமானது.

உலக வங்கியின் உதவியுடன் 2016இல் ஒப்புதல் பெற்ற தேசிய நீரியல் திட்டம், நாடு முழுவதும் தானியங்கி அளவிகளைப் பொருத்தியது. திரளும் தரவு தண்ணீருக்கு விலை வைக்கப் பயன்படுமா, பங்கீட்டில் நியாயம் கேட்கப் பயன்படுமா என்பதை மக்கள் இயக்கமே தீர்மானிக்கும். ஒவ்வொரு வார்டிலும் சோதனை முடிவு மக்கள் மொழியில் ஒட்டப்பட வேண்டும். ஆய்வகங்களில் நிரந்தர ஊழியர்கள் வேண்டும். லாரி உரிமையாளர்களின் ஆழ்துளைக் கிணறுகள் முதலில் அளக்கப்பட வேண்டும். விதி மீறப்படும்போது பொறுப்பேற்க வேண்டிய அதிகாரி யார் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும்.

நொய்யலையும் பாலாற்றையும் கண்ட தமிழகத் தோழர்களுக்கு இக்கதை புதிதல்ல. ஆற்றின் நோயை எழுதி வைத்தால் மட்டும் போதாது. நோய்க்குக் காரணமானவர்களின் பெயரையும் எழுதவைக்க வேண்டும். அது போராட்டத்தின் பணி.