பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம்

ஆங்கிலப் பாடத்தில் 'எனது பொழுதுபோக்கு' என்றொரு கட்டுரை வரும். தரம் ஆறில் வரும், எட்டில் வரும், சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது மறுபடியும் வரும். மாணவியர் எழுதும் கட்டுரைகளில் இதைப் போலப் பொய் நிறைந்தது வேறில்லை என்பது என் எண்ணம். வகுப்பில் பாதிப் பேரின் பொழுதுபோக்கு முத்திரை சேகரித்தல். மீதிப் பேருடையது வீட்டுத்தோட்டம். முத்திரை ஒட்டிய கடிதம் வீட்டுக்கு வந்து எத்தனை வருடம் என்று கேட்டால் ஒருவருக்கும் ஞாபகமில்லை. ரியூஷன் குறிப்பில் இருப்பதைப் பாடமாக்கி எழுதினால் புள்ளி கிடைக்கிறது. அவ்வளவுதான்.

இந்த ஆக்கத்துக்காகத் தோழியர் சிலரிடம், படிப்பைத் தவிர உனக்கு என்ன விருப்பம் என்று கேட்டுப் பார்த்தேன். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒருத்தி கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் மருதோண்டிக் கோலங்கள் வரைகிறாள். அந்தக் கொடிகளும் பூக்களும் முன்பக்கத்துக் கேத்திர கணிதத்தை விடச் சுத்தமாக இருக்கின்றன. ஒருத்தி கிரிக்கெட் வர்ணனையை வானொலியில் கேட்டு ஓட்ட எண்ணிக்கைகளை எழுதி வைக்கிறாள். வீட்டில் பரிகசிப்பார்கள் என்பதால் அந்தக் கொப்பியின் வெளியே 'வரலாறு' என்று எழுதியிருக்கிறாள். கொரிய நாடகம் பார்த்துப் பார்த்தே இருபது முப்பது கொரியச் சொற்கள் தெரிந்தவள் ஒருத்தி. நூலால் தொப்பி பின்னுபவள் ஒருத்தி. யாருக்கும் காட்டாமல் கவிதை எழுதுபவர்கள் நால்வர். அவர்களில் ஒருவரும் இந்த மலருக்கு எதுவும் தரவில்லை!

எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் தோழி மட்டும், "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள். அம்மா கொழுந்துக்குப் போய்விடுவார். அப்பா விடியுமுன் பால் வெட்டப் போகிறவர். இவள் பாடசாலை விட்டு வீடு சேர்ந்ததும் பிள்ளைக் காம்பராவிலிருந்து தம்பியைக் கூட்டி வரவேண்டும், பீலியில் தண்ணீர் பிடிக்கவேண்டும், விறகு பார்க்கவேண்டும், சோறு வைக்கவேண்டும். ஆனால் அவளோடு ஒருநாள் ரப்பர் மரங்களுக்கு ஊடாக நடந்து பார்த்தால் தெரியும். செண்பகம் எங்கே கத்துகிறது, காட்டுக்கோழி எந்தப் பற்றைக்குள் இருக்கிறது, மழை வருமுன் எந்தக் குருவி குரலை மாற்றுகிறது என்று நிமிர்ந்து பாராமலே சொல்லுவாள். அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லலாம் என்பதே அவளுக்குத் தெரியாது. அது ஒரு வேலையுமில்லை, பாடமுமில்லை. ஆகவே ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பாடசாலை விடுவது 1.30க்கு. பஸ் பிடித்து வீடு சேர்ந்து, ளுஹர் தொழுது, சாப்பிட்டால் மூன்று மணி. அதற்குள் ரியூஷன் தொடங்கிவிடும். அது முடிந்து வந்தால் அஸர், வீட்டு வேலை, மஃரிப், குர்ஆன் ஓதல், மறுநாள் பாடம். சனி, ஞாயிறு முழுவதும் வகுப்பு. இதில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே ஒரு மணித்தியாலமாவது மிஞ்சும். அந்த நேரத்தில் நானாமாரும் தம்பிமாரும் மைதானத்தில் இருக்கிறார்கள். தோட்டத்துப் பையன்கள் பிரட்டுக்களத்தில் வலை கட்டிக் கரப்பந்து அடிக்கிறார்கள். நல்லதுதான், அவர்கள் விளையாடட்டும். பெரிய பிள்ளையான நாளோடு எங்கள் மட்டை பரண் மேல் போய்விடுகிறது என்பதுதான் எனது குறை. ஒருவரும் 'விளையாடாதே' என்று சொல்வதில்லை. அந்த நேரத்துக்கென்று ஒரு வேலை வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

"இவர்களுக்குப் பொழுதுபோக்கு இல்லையா? எந்நேரமும் போன்தானே!" என்று பெற்றோர் சொல்வது காதில் விழுகிறது. 2020இலும் 2021இலும் பாடசாலைகள் மூடியிருந்தபோது படிப்புக்கென்று வாங்கிய போன்கள் இன்று பிள்ளைகளின் கையை விட்டு இறங்குவதில்லை என்பது உண்மை. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வெளியே போகத் தேவையில்லை, துணை தேவையில்லை, யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, அறை மூலையில் சத்தமில்லாமல் இருந்து செய்யலாம். இந்த நான்கும் பொருந்துகிற ஒரே காரியம் போன் பார்ப்பது. மைதானத்தையும் தெருவையும் நூலகத்தையும் எடுத்துவிட்ட பிறகு மிஞ்சிக் கிடந்ததைத்தான் பிள்ளை கையில் எடுத்திருக்கிறாள். போனைப் பறிப்பதானால் அந்த இடத்தில் எதை வைப்பது என்றும் சேர்த்துச் சொல்லவேண்டாமா?

மார்க்கத்தைக் காரணம் காட்டுவோரும் உண்டு. ஒழுக்க வரம்புகளை நான் மறுக்கவில்லை. அவற்றுக்குள்ளேயே நிறைய இடம் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். ஆயிஷா நாயகி (ரழி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகள் வைத்துத் தோழியரோடு விளையாடியதும், அந்தத் தோழியரை நபிகளார் (ஸல்) அவர்களே விளையாட அனுப்பி வைத்ததும் ஹதீஸ்களில் உள்ளன. இருவரும் ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டுக் காட்டியபோது, ஆயிஷா நாயகி தாமாகச் சலிக்கும்வரை பார்த்திருக்க நபிகளார் இடம் கொடுத்திருக்கிறார்கள். மீலாத் விழா மேடைகளில் இவற்றை நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

எங்கள் உம்மாமாருக்கு இது புதிய கதையல்ல. இலங்கை வானொலி முஸ்லிம் நிகழ்ச்சியின் 'மாதர் மஜ்லிஸ்' என்றால் அவர்களின் முகம் மாறும். ஆக்கம் எழுதித் தபாலில் அனுப்பிவிட்டு, தம் பெயரும் ஊரும் வாசிக்கப்படுமா என்று வானொலிப் பெட்டிக்கு முன்னால் காத்திருந்த குமருகள் எங்கள் ஊர்களில் எத்தனை பேர்! என் உம்மாவிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. பாதிவரை அழகான கையெழுத்தில் கட்டுரைகளும் கவிதைகளும். அதற்குப் பிறகு பலசரக்குக் கணக்கு. எந்தப் பக்கத்தில் கலியாணம் நடந்தது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். உம்மா இதைச் சிரித்துக்கொண்டேதான் காட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொழிலுக்கும் படிப்புக்கும் வெளியே மனிதர் மினக்கெட்ட காரியங்கள் ஊருக்கு என்ன தந்தன என்று பார்க்கத் தூரம் போகத் தேவையில்லை. அறிஞர் சித்திலெவ்வை தொழிலால் சட்டத்தரணி. வழக்குகளைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் 1882இல் 'முஸ்லிம் நேசன்' வந்திராது, 1885இல் 'அஸன்பேயுடைய கதை' வந்திராது, கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை என்ற பேச்சும் அவ்வளவு சீக்கிரம் எழுந்திராது. அடுத்தவர் தீலோ ஹொப்மன். 1946இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்து வர்த்தக நிறுவனமொன்றில் வேலை பார்த்தவர். லீவு நாட்களில் காடும் பறவையுமாகத் திரிந்தார். 1970களில் பிளைவூட்டுக்காகச் சிங்கராஜ வனத்தில் இயந்திரங்களை இறக்கி மரம் தறித்தபோது, அதை நிறுத்தும்படி முன்னின்று போராடியவர்களில் முதன்மையானவர் அவர். 1988இல் அந்த வனம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இறக்குவானைப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தக் காட்டிலிருந்து வரும் தண்ணீரின் அருமை தெரியும்.

இன்னொன்று இன்னும் கிட்டத்தில் நடந்தது. 1995இல் கேகாலை மாவட்டத்துக் கித்துல்கல மழைக்காட்டில், தீபால் வரகாகொட என்ற பறவை ஆர்வலர் இரவில் ஒரு குரலைக் கேட்டார். தெரிந்த எந்தப் பறவையின் குரலும் அல்ல அது. அந்தக் குரலுக்குரிய பறவையைக் கண்ணால் காண அவருக்கு 2001 ஜனவரி வரை சென்றது. அது ஒரு சிறிய ஆந்தை. உலகம் அதுவரை அறியாத இனம். நூறு வருடங்களுக்கு மேலாக இலங்கையில் புதிய பறவை இனம் எதுவும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. 2004இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது ஹொப்மனின் பெயரையே வைத்தார்கள். கித்துல்கலைக்கும் எட்டியாந்தோட்டைக்கும் எவ்வளவு தூரம் என்று பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும்.

இதைச் சொல்லி, உங்கள் மகளும் ஓர் ஆந்தையைக் கண்டுபிடிப்பாள் என்று பெற்றோருக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. அப்படிக் கணக்குப் பார்ப்பதுதான் எங்களுடைய பெரிய தொல்லை. ஒரு பிள்ளைக்கு ஏதாவது விருப்பம் என்று தெரிந்ததும் அதைப் போட்டிக்கு அனுப்பிவிடுகிறோம். கவிதை எழுதுபவள் தமிழ்த்தினப் போட்டிக்குப் போய்த் தலைப்புக்குக் கவிதை எழுதி, இரண்டாமிடச் சான்றிதழோடு எழுதுவதையே விட்டுவிடுகிறாள். போட்டி இல்லையென்றால் வருமானம். "இவ்வளவு நன்றாக மருதோண்டி போடுகிறாயே, மணப்பெண்களுக்குப் போட்டால் காசு வருமே!" காசு வருவது தவறில்லை, பல வீடுகளில் அது பெரிய உதவி. ஆனால் பதினைந்து வயதில் ஒரு கொடியைத் தன் விருப்பத்துக்கு வளைத்துப் பார்க்கும் சுதந்திரம் இன்னொருவரின் கலியாண அவசரத்தில் கிடைக்காது. ஓய்வும் விளையாட்டும் பிள்ளைகளின் உரிமை என்று சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கை 1991இல் அதை ஏற்றுக்கொண்டது. பயன் தரும் ஓய்வு என்று அதில் எழுதப்படவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அஸருக்குப் பின் ஒரு மணித்தியாலத்தை வீட்டிலுள்ள பெண் பிள்ளைக்கும் விட்டுவிடுங்கள். அவள் என்ன செய்தாள் என்று கணக்குக் கேட்க வேண்டாம். கிழமையில் இரண்டு நாள், பாடசாலை விட்ட பின்னும் வலைப்பந்துத் திடலைத் திறந்து வைக்க ஓர் ஆசிரியை முன்வந்தால் வருவதற்கு நாங்கள் தயார். தோட்டத்துத் தோழியருக்கு இது சரிவராது. பஸ்ஸை விட்டால் அவர்களுக்கு வேறு வழியில்லை. அவர்களுக்குப் பாடசாலை நேரத்துக்குள்ளேயே ஒரு பாடவேளை வேண்டும். வீட்டில் தண்ணீர் வாளியைச் சில நாட்களுக்காவது அண்ணன்மார் தூக்கவேண்டும். கரப்பந்து வலையைக் கழற்றிய பிறகு தூக்கினாலும் போதும்.

நூலகத்தைப் பற்றியும் ஒன்று. பரீட்சை வினாத்தாள் தொகுப்புகளால் நிறைந்திருக்கும் எங்கள் அலுமாரிகளில் பறவைகளைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம்கூட இல்லை. படங்களோடு கூடிய ஒன்றை வாங்கித் தர யாராவது ஒரு பெற்றோர் மனம் வைத்தால், அதை முதலில் இரவல் எடுக்கப்போவது யார் என்று எனக்குத் தெரியும்.