பத்திரிகை எழுத்தும் பெயர்ப்பலகையும்

சவூதியின் ஜுபைல் கடைத்தெருவுக்குத் தமிழில் பெயர்ப்பலகை வேண்டுமென்று வருகிறவர்களில் பலர், கல்யாணப் பத்திரிகையில் காண்பதுபோலத் தடித்தும் மெலிந்தும் வளைந்து செல்கிற அலங்கார எழுத்தையே விரும்பிக் கேட்பதும், அதுவே நம் பரம்பரை எழுத்து என்று காரணம் சொல்வதும் இத்தொழிலில் உள்ளோருக்குப் பழக்கமான விஷயம். கேட்பதில் பிழையில்லை, காரணத்தில்தான் சரித்திரம் சற்றுப் புரண்டிருக்கிறது.

ஓலையில் எழுத்தாணி கீறிய கோட்டுக்குத் தடிப்பு, மெலிவு என்ற பேதம் கிடையாது. ஓலை பழுதாகிவிடுமென்று புள்ளியைக்கூட விட்டுவிட்டு எழுதியவர்கள் நம் முன்னோர். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சான பிறகு, ஈய வார்ப்பில் நெடுங்காலம் பழகிப் பழகித்தான் நம் எழுத்து இந்த லட்சணத்தை அடைந்தது என்பதும், ரோமானிய எழுத்தின் சகவாசத்துக்கு அதில் பங்குண்டு என்பதும் என் அபிப்பிராயம். சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் ஹண்ட் துரை 1862-இல் அச்சிட்ட வின்ஸ்லோ அகராதியைப் புரட்டுகிறவர்கள், அந்த வார்ப்புக் கலை எவ்வளவு நேர்த்தியடைந்திருந்தது என்பதைக் காணலாம். ஆக, இது அச்சுக்கூடத்துப் பழமை. காகிதத்தில் மைபட்டுப் பிறந்த சௌந்தரியம். அழைப்பிதழுக்கும் மலரின் முகப்புக்கும் நூலின் தலைப்புக்கும் இதைப்போல் அமைந்தது வேறில்லை.

அதே எழுத்தை ஒளிப்பலகையில் ஏற்றும்போதுதான் சங்கடம். ‘அண்ணன்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தடித்த கோட்டுக்குள் எல்.இ.டி. விளக்குகள் தாராளமாக அமர்கின்றன. மெல்லிய கோட்டுக்குள் அவற்றுக்கு இடமில்லாமையால் அது இருண்டு போகிறது. இரவில் தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து பார்ப்பவனுக்கு எழுத்து துண்டு துண்டாகத் தெரிகிறது. இதற்குப் பரிகாரமென்று கோரல்டிராவில் எழுத்தைச் சுற்றி அவுட்லைன் கொடுத்துப் பருமனாக்குகிறோமே, அது இன்னும் மோசம்: சுழிகளின் உள்வெளி அடைபட்டு, மூன்று சுழி ணகரத்துக்கும் இரண்டு சுழி னகரத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் போகிறது. உப்புக்காற்றும் வெயிலும் சேர்ந்து முதலில் உடைப்பதும் அக்ரிலிக்கின் மெலிந்த பாகத்தைத்தான்.

அப்படியானால் லதா எழுத்துருவைப் போன்ற ஒரே கனமுள்ள எழுத்தே போதுமென்று விட்டுவிடலாமா என்றால், இந்த ஊரில் அதற்கும் தடை உண்டு. பலகையின் மேற்பாதியில் அரபு இருக்கிறது. நாணற்பேனாவின் சாய்வால் கனத்தும் மெலிந்தும் ஓடுகிற அந்த எழுத்தின்கீழ் ஒரே கனத் தமிழ், விருந்துக்கு அழைக்கப்படாதவன்போல் ஒடுங்கி நிற்கிறது. தடிப்பும் மெலிவும் உள்ள தமிழ்தான் அதனோடு இசைகிறது.

ஆகையால் அலங்கார எழுத்தைக் கைவிடச் சொல்லவில்லை. வரைந்து திருத்தச் சொல்கிறேன். நோட்டோ செரிப் தமிழ் போன்ற இலவச எழுத்துருவை எடுத்து, வளைகோடாக மாற்றி, மெல்லிய கோடு தடித்த கோட்டில் பாதிக்குக் குறையாதபடி கையால் கனப்படுத்தி, சுழிகளை மட்டும் சற்று விரித்துவிட்டால் போதும். இதற்கு அரைநாள் பிடிக்கும். அந்த அரைநாளுக்கும் கூலி போட்டே விலை சொல்ல வேண்டும்.