வெளிநாட்டுக்காரர் என்றாலே சந்தேகமா?

“வெளிநாட்டுக்காரருக்கு விற்காதே!”

இணைய ஏலத்தில் பொருள் விற்கும் மாணவர்களிடையே அடிக்கடி காதில் விழும் அறிவுரை இது. ஆங்கிலம் தடுமாறினால் மோசடி, சில நாடுகளின் பெயரைப் பார்த்தாலே மோசடி என்று முடிவுகட்டி விடுகிறோம். இந்த அறிவுரை நம்மைக் காப்பாற்றாது என்பதே என் கருத்து. நேர்மையானவர்களை விரட்டிவிட்டு, விவரமான மோசடிக்காரர்களுக்கு இது கதவைத் திறந்துவிடுகிறது.

பல்கலைக்கழகப் படிப்புக்கு இடையே, இரண்டு ஆண்டுகளாகப் பழைய ஃபிலிம் கேமராக்களை ஏலத்தில் விற்று வருகிறேன். என்னிடம் வாங்கிய ஒருவர் பிரேசில்காரர். “கேமராவின் கண் சுத்தமா?” என்று எழுதியிருந்தார். லென்ஸைத்தான் கேட்கிறார் என்பது புரியச் சற்று நேரமானது. ஏலத்தில் வென்றார், தளத்தின் வழியாகவே பணம் செலுத்தினார், பொருள் கிடைத்ததும் நன்றி சொன்னார். அவ்வளவுதான்.

இன்னொருவர் எழுதிய ஆங்கிலத்தில் ஒரு பிழைகூட இல்லை. ஏலம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், கூடுதலாக 100 வெள்ளி தருகிறேன், மின்னஞ்சலில் பேசிக்கொள்வோம் என்றார். தளத்திலேயே பேசலாம் என்றேன். ஆள் அதோடு காணாமல் போனார்.

மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் அடுத்து என்ன வரும்? “பணம் செலுத்தப்பட்டுவிட்டது. பொருளை அனுப்பிய எண்ணைக் கொடுத்தால் தொகை விடுவிக்கப்படும்” என்று, கட்டணச் சேவை நிறுவனத்தின் சின்னத்தோடு ஒரு போலி மின்னஞ்சல் வரும். அதை நம்பிப் பொருளை அனுப்பினால், பொருளும் இல்லை, பணமும் இல்லை.

இணைய ஏலம் எப்படி உருவானது என்பதை நினைத்துப் பாருங்கள். 1995ல் பியர் ஒமிட்யார் தொடங்கிய தளமே பின்னர் இபே ஆனது. அதில் முதலில் விற்றது பழுதடைந்த ஒரு லேசர் சுட்டி, 14.83 அமெரிக்க டாலருக்கு! முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் நம்ப வழி வேண்டும் என்பதற்காகத்தான் மதிப்பீட்டு முறை வந்தது. பேச்சு, பணம், அனுப்பிய சான்று எல்லாம் ஒரே இடத்தில் பதிவாகின்றன. அந்தப் பதிவுதான் நமக்குப் பாதுகாப்பு. மோசடிக்காரரின் முழு வேலையும் நம்மை அதற்கு வெளியே இழுப்பதுதான்.

அவர் பயன்படுத்தும் வழிகள் சில. பணம் கட்டிய பிறகு, “வேறு ஊரில் இருக்கும் என் உறவினருக்கு அனுப்பிவிடுங்கள்” என்பார். பேபால் போன்ற சேவைகளில், பரிவர்த்தனையில் உள்ள முகவரிக்கு அனுப்பினால்தான் விற்பவருக்குப் பாதுகாப்பு உண்டு. முகவரியை மாற்றி அனுப்பிய பின், “பொருள் வரவே இல்லை” என்று அவர் புகார் செய்தால் நம் கையில் சான்று இருக்காது. விலையைவிடக் கூடுதல் தொகைக்குக் காசோலை அனுப்பி, மீதியைத் திருப்பிக் கேட்பது பழைய தந்திரம். சில நாள் கழித்துக் காசோலை திரும்பிவிடும். நாம் திருப்பிக் கொடுத்தது நம் சொந்தப் பணம்.

வாங்கும்போதும் இதே கதைதான். “நண்பர்கள், குடும்பத்தினர்” என்ற பிரிவில் பணம் அனுப்பச் சொல்வார்கள், கட்டணம் மிச்சமாகும் என்பார்கள். அப்படி அனுப்பிய பணத்திற்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. முறைப்படி செலுத்தியிருந்தால் 180 நாளுக்குள் முறையிடலாம்.

“எப்படியானாலும் வெளிநாட்டில் இருப்பவரைப் பிடிப்பது கடினம்தானே?” என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால், பேநவ் வழியாக உள்ளூர்க் கணக்குக்கு அனுப்பிய பணமும் நொடியில் கைமாறிவிடும். 2024ல் சிங்கப்பூரில் மோசடிகளில் பறிபோன தொகை 1.1 பில்லியன் வெள்ளி. உள்ளூர் எண்ணும் சரளமான ஆங்கிலமும் நம்பிக்கைக்கு உத்தரவாதம் என்றால் இவ்வளவு பணம் போயிருக்குமா? செயற்கை நுண்ணறிவு பிழையில்லாத ஆங்கிலத்தை இலவசமாக எழுதித் தரும் காலம் இது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அமெரிக்காவில் இருக்கும் விற்பனையாளருக்கு நாமும் வெளிநாட்டுக்காரர்கள்தான். “உங்கள் நாட்டுக்கு அனுப்புவதில்லை” என்ற பதில் எனக்கும் வந்திருக்கிறது. இரு மொழிகளில் படித்து வளர்ந்த நமக்கு, ஒருவரது ஆங்கிலத்தை வைத்து அவரது நேர்மையை எடைபோடுவது எவ்வளவு தவறு என்பது தெரிந்திருக்க வேண்டும். நம் தாத்தா பாட்டி ஆங்கிலத்தில் ஒரு செய்தி அனுப்பினால், அதைப் படிப்பவர் என்ன நினைப்பார்?

ஆகவே, ஆளைப் பார்க்காமல் அவர் கேட்பதைப் பாருங்கள். பேச்சைத் தளத்திற்கு வெளியே கொண்டுபோகிறாரா? பணம் செலுத்தும் முறையை மாற்றச் சொல்கிறாரா? முகவரியை மாற்றுகிறாரா? அவசரப்படுத்துகிறாரா? இதில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் நிறுத்திக்கொள்ளுங்கள். பணம் வந்ததா என்பதை மின்னஞ்சலில் பார்க்காமல், கணக்கிலேயே நுழைந்து பாருங்கள். ஐயம் இருந்தால் ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண் 1799ஐ அழைத்துக் கேளுங்கள்.

தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் தொலைதூர நாட்டிலிருந்து ஒரு செய்தி வந்தால், சிரித்து ஒதுக்காதீர்கள், பதில் போடுங்கள். ஆனால், “தளத்தைவிட்டு வெளியே வாருங்கள்” என்று அழைப்பவர் நம் புளோக்கிலேயே குடியிருந்தாலும் போகாதீர்கள்.