தலையும் காலும்

ஸயாம் என்று நம் பெரியோர் அறிந்திருந்த தேசம் 1939-ல் தாய்லாந்து என்று பெயர் சூட்டிக்கொண்டது. உல்லாசப் பிரயாணமாக அங்கே போய் வரும் நம்மவர்கள் இப்போது அநேகர். திரும்பி வந்ததும் சாமான்களின் மலிவையும் சாப்பாட்டின் காரத்தையும் வாயாரப் புகழ்கிறார்கள். அந்த ஜனங்களின் மரியாதை முறைகளைப் பற்றிக் கேட்டாலோ, "எல்லாம் நம்மைப் போலத்தான், கைகூப்புகிறார்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். இந்த எண்ணந்தான் அபாயமானது. மேனாட்டார் தெரியாமல் தவறு செய்வார்கள். நாமோ தெரியும் என்று நினைத்துக்கொண்டு தவறு செய்வோம்.

அவர்களுடைய சம்பிரதாயங்கள் பல. பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே: உடம்பில் தலை உயர்ந்தது, கால் தாழ்ந்தது. மனிதனைக் காக்கும் 'க்வான்' என்ற உயிர்ச்சக்தி தலையிலே குடியிருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. நாம் அன்போடு ஒரு குழந்தையின் தலையைத் தடவிக் கொடுப்போம். அங்கே முன்பின் தெரியாதவர் அப்படிச் செய்தால், குழந்தையின் தாய் முகம் சுளிப்பாள், வாய்விட்டுச் சொல்லமாட்டாள். சொல்லாமலிருப்பதும் அவர்கள் மரியாதையிலே சேர்ந்தது.

காலைப் பற்றி இன்னும் கண்டிப்பு. புத்தர் சிலையை நோக்கியோ, பெரியோரை நோக்கியோ காலை நீட்டலாகாது. ஆலயத்தில் கால்களைப் பின்பக்கமாக மடித்து உட்கார வேண்டும். காலால் ஒரு பொருளைச் சுட்டுவதும், படுத்திருப்பவரைத் தாண்டுவதும் அவமரியாதை. வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போக வேண்டும் என்பதைப் படிக்கும்போது நம் பாட்டிமார்களின் ஞாபகம் வருகிறதல்லவா?

கைகூப்புவதற்கு 'வாய்' என்று பெயர். அதிலும் படிகள் உண்டு. சமமானவருக்குக் கட்டைவிரல் மோவாயைத் தொட வேண்டும். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் மூக்கின் நுனியை. பிக்ஷுவுக்குப் புருவ மத்தியை. இளையவரே முதலில் வணங்க வேண்டும். கடைச் சிப்பந்தி கைகூப்பினால் புன்னகையோடு தலையசைத்தால் போதும். அவருக்குமேல் உயரக் கைகூப்பினால் அவர்தான் சங்கடப்படுவார். பிக்ஷு பதிலுக்கு வணங்குவதில்லை. அதை அகம்பாவம் என்று எண்ணக் கூடாது. பெண்கள் பிக்ஷுவைத் தொடலாகாது. பிக்ஷு விரித்த துணியின்மேல் காணிக்கையை வைத்தால், அவர் அங்கிருந்து எடுத்துக்கொள்வார்.

இவற்றில் தவறினால் முகச்சுளிப்போடு போகும். அரசர் விஷயம் அப்படியன்று. அரசரையோ, அரசியையோ, பட்டத்து வாரிசையோ, ராஜப் பிரதிநிதியையோ நிந்திப்பவருக்கு மூன்று முதல் பதினைந்து வருஷம் வரை சிறை என்று குற்றச் சட்டத்தின் 112-வது பிரிவு சொல்கிறது. அந்நியருக்கும் விலக்கில்லை. உருண்டோடும் நாணயத்தைக் காலால் மிதித்து நிறுத்துவதுகூடத் தகாத காரியம். அதில் அரசர் முகம் இருக்கிறதே!

சட்டத்தினால் மட்டும் மரியாதை வளருமா? அந்தத் தேசத்தின் சரித்திரமே இதற்குப் பதில் சொல்கிறது. சூலாலங்கார்ன் அரசர் 1873-ல், தம் முன்னே ஜனங்கள் தரையில் விழுந்து கிடக்க வேண்டாம் என்று உத்தரவிட்டார். அரச சந்நிதியில் அந்த வழக்கம் பிற்காலத்தில் திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது உலக யுத்த காலத்தில் பிரதம மந்திரி பிபுன் ஸோங்க்ராம், அந்நியர் தம் ஜனங்களை நாகரிகமுள்ளவர்கள் என்று மதிக்க வேண்டுமென விரும்பி, தொப்பி போடச் சொன்னார், வெற்றிலையைத் தடுத்தார். 1944-ல் அவர் பதவி போயிற்று. தொப்பிக் கட்டாயமும் போயிற்று. அவர் அரசாங்கம் 1943-ல் பரப்பிய ஒன்று மட்டும் நிலைத்தது: கைகூப்பும்போது சொல்லும் 'ஸவாத்தி' என்ற சொல். அது நம் 'ஸ்வஸ்தி'தான். அந்நியர் மெச்சுவதற்காக அணிந்த தொப்பி கழன்றது. தங்கள் வணக்கத்தோடு பொருந்திய சொல் வேரூன்றிற்று. எந்த ஐரோப்பிய வல்லரசுக்கும் அடிமையாகாத தேசத்திலும் இந்த மோகம் புகுந்து பார்த்ததென்றால், நம்மைப் போன்றவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் அது.

பாங்காக்கில் வாட் சுதாட் ஆலயத்துக்கு எதிரே சிவப்பு வர்ணமடித்த பிரம்மாண்டமான தேக்குத் தூண்கள் நிற்கின்றன. ஊஞ்சல் திருவிழாவுக்காக எழுந்தவை. ஆபத்தான அந்த ஊஞ்சலாட்டம் 1935-ல் நின்றுபோயிற்று. ஆனால் 'திரியம்பாவாய், திரிபாவாய்' என்ற அந்த விழாவின் பூஜைகளை அரண்மனைப் பிராமணர்கள் இன்றும் நடத்துகிறார்கள். திருவெம்பாவையும் திருப்பாவையுந்தான் அங்கே அப்படி வழங்குகின்றன! தமிழ் மறந்து, பொருள் மறந்து, உச்சரிப்பும் மாறிவிட்டது. பக்தி மட்டும் மாறவில்லை.

இதைக் கேட்டதும், "பார்த்தீர்களா, எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்!" என்று மார் தட்டத் தோன்றும். கொடுத்தவர்களாகிய நம் வீடுகளில் மார்கழிக் காலையில் அந்தப் பாட்டுகள் கேட்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்வோம். பிறகு அந்தத் தேசத்துக்கு வீட்டுக்காரர்களாக அல்ல, விருந்தாளிகளாகப் போவோம். விருந்தாளி செய்ய வேண்டியது அதிகமில்லை: காலை மடக்க வேண்டும், தலையைச் சற்றுத் தாழ்த்த வேண்டும்.