பைராம் தோட்டம் என்பதில் எத்தனை எழுத்து?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் வட்டாரத்திலுள்ள பைராம் தோட்டத்தின் பெயரைக் கணினியிடம் கொடுத்து, இதில் எத்தனை எழுத்துகள் என்று வினவினால், யூனிகோடு குறியீடுகளையே எழுத்துகளாகப் பாவிக்கும் சாதாரண நிரல், இடைவெளியை நீக்கிய பின்னரும் 13 என்று விடை கூறும். அத்தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக் குழந்தையோ பை, ரா, ம், தோ, ட், ட, ம் என்று விரல்விட்டு எண்ணி, 7 என்று சொல்லிவிடும். எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலை தொடங்கிய ஓப்பன் தமிழ் என்னும் பைத்தான் நிரல்தொகுப்பு இக்குறையை நீக்குகிறது. அதனினும் நான் போற்றுவது, அத்தொகுப்போடு சேர்த்தே சோதனை நிரல்களும் யாவரும் காண வெளியிடப்படுவதையே.

கென்ட் பெக் முதலில் ஸ்மால்டாக் மொழிக்கு வகுத்து, 1997-இல் எரிக் காமாவுடன் ஜாவா மொழிக்கு ஜேயூனிட் என்று அமைத்த சாதனத்தின் வழிவந்த சோதனைச் சட்டகங்கள், ஒவ்வொரு சோதனைக்கும் முன்பு புதிய ஆயத்தம் செய்து, நிரலின் ஒரு சிறு பகுதியைத் தனியே இயக்கி, வந்த விடையை எதிர்பார்த்த விடையோடு ஒப்பிட்டு, ஒன்று தவறினும் ஏனையவற்றை நிறுத்தாமல் நடத்தி, தவறிய இடத்தைக் குறித்துக் காட்டுகின்றன. இதன் பிரயோஜனம் பிற்காலத்தில்தான் முழுமையாக விளங்கும். 'தோ' என்பதை இரண்டு குறியீடுகளாலும் எழுதலாம். கொம்பையும் காலையும் பிரித்து மூன்றாலும் எழுதலாம். கண்ணுக்குப் பேதம் தெரியாது. இரண்டாம் வகையைச் சேர்க்கப் புகுந்த ஒருவர் முதல் வகையை அறியாமல் கெடுத்துவிட்டால், முன்பு எழுதிவைத்த சோதனை அக்கணமே தவறி, அவரை எச்சரிக்கும்.

ஆயினும், எதிர்பார்க்கும் விடை யாது என்பதைச் சட்டகம் தானாக அறியாது. இன்டெல் நிறுவனம் 1972-இல் தன் முதல் அயல்நாட்டு ஆலையை அமைத்த பினாங்கில், சில்லுகளைப் பரிசோதித்து அனுப்புவதே ஒரு பெருந்தொழிலாக வளர்ந்திருக்க, தமிழுக்கான மென்பொருளை மட்டும் தமிழறிந்தோர் பரிசோதிக்காமல் ஏற்பது எவ்வகையில் நியாயம்? தமிழ் மென்பொருளை வாங்கும் அரசும் நிறுவனங்களும் அதன் சோதனைகளையும் கேட்டு வாங்குவது அவசியம்; அவற்றின் விடைகளைத் தமிழாசிரியர்களே நிர்ணயிக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். 'க்ஷ' என்பதை ஓரெழுத்தாக எண்ணுவதா, ஈரெழுத்தாக எண்ணுவதா என்ற வினாவுக்கு விடை இலக்கணத்தில் இருக்கிறதேயன்றி, எந்த நிரல்மொழியிலும் இல்லை.